ஈய உலை முதல் மின்கார் வரை: தேசியக் காருக்கு அரசு தந்த ஆதரவும் உலக வணிகப் போட்டியும்

உள்நாட்டுத் தொழில் ஒன்றை வளர்ப்பதற்காக அரசு தன் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணத்தையே மானியம் என்று பொதுமக்கள் கருதுகின்றனர். வணிகச் சட்டம் அச்சொல்லுக்குத் தரும் பொருளோ இதனினும் அகலமானது. உலக வணிக அமைப்பு 1995 சனவரியில் தோன்றியபோது உடன் நடைமுறைக்கு வந்த மானிய ஒப்பந்தத்தின்படி, நேரடியாக வழங்கப்படும் பணம், சந்தையில் கிடைக்காத குறைந்த வட்டிக் கடன், வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுதல் ஆகிய எதுவாயினும், அது குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கோ தொழிலுக்கோ ஆதாயம் தருமானால் மானியமாகவே கொள்ளப்படும். ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு தரப்படுவதும், இறக்குமதிப் பொருளை விலக்கி உள்நாட்டுப் பொருளைப் பயன்படுத்தினால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு தரப்படுவதும் அவ்வொப்பந்தத்தில் அடியோடு விலக்கப்பட்டவை. ஏனையவை பிற நாட்டின் தொழிலுக்குக் கேடு விளைவித்ததாக மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே வழக்குக்கு உரியவை.

இவ்வரையறைக்குள் அடங்காமல், ஆனால் எல்லா மானியங்களையும் விட நீண்ட காலம் நின்று வேலை செய்வது இறக்குமதித் தீர்வை. வெளிநாட்டுக் காரின் விலையை அது உயர்த்துவதால், அதன் நிழலில் உள்நாட்டுக் காரும் கூடுதல் விலைக்கு விற்க முடிகிறது; அந்தக் கூடுதல் தொகை கருவூலத்தைத் தொடாமலேயே வாங்குபவரின் பையிலிருந்து உற்பத்தியாளரின் கணக்குக்குச் செல்கிறது. அரசின் வரவுசெலவு அறிக்கையில் இது செலவாகத் தோன்றுவதில்லை என்பதோடு, இறக்குமதியான கார்களின் மீது வசூலான தீர்வை வரவாகவும் தோன்றுகிறது. ஆகவே ஒரு நாடு தன் கார்த் தொழிலுக்கு எவ்வளவு கொடுத்தது என்ற கேள்விக்கு வரவுசெலவு அறிக்கையில் மட்டும் விடை தேடுபவர் பெரும்பகுதியைத் தவறவிடுவார். மலேசியாவின் தேசியக் கார்த் திட்டத்தை மதிப்பிடுவதற்கு இந்த ஒரு தெளிவு முதலில் வேண்டும்.

அரசின் கைத்தாங்கலில் வளர்ந்த தொழில் என்பது பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வளாகம் எழுந்துள்ள இடத்தில் முன்பு ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் நிறுவனத்தின் ஈய, அதாவது வெள்ளீய, உலை எரிந்துகொண்டிருந்தது. லீ சின் ஹோ என்னும் சீன வணிகர் 1897-இல் தொடங்கிய ஈயம் உருக்கும் தொழிலிலிருந்து கிளைத்து, 1907-இல் நிறுவனமாகப் பதிவு பெற்று, 1911-இல் பிரிட்டிஷ் முதலீட்டாளர் கைக்கு மாறிய தொழிற்சாலை அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மலாயாவின் ஈயக் கனிமத்தை வாங்கிச் சென்று நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் உருக்குவதற்கு அமெரிக்க முதலாளிகள் முற்பட்டபோது, காலனி ஆட்சி 1903-இல் பினாங்கு, சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களில் உருக்கப்படாமல் வெளியேறும் கனிமத்தின் மீது எவராலும் தாங்க முடியாத ஏற்றுமதித் தீர்வையை விதித்து அம்முயற்சியை முறியடித்தது. பின்னர்ப் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மட்டும் விலக்குத் தந்தது. தடையற்ற வணிகமே தன் கொள்கை என்று பறைசாற்றிய பேரரசு, 1786 முதல் தீர்வையில்லாத் துறைமுகமாக விளங்கிய பினாங்கின் அருகிலேயே இதைச் செய்தது என்பது கவனத்துக்குரியது. வல்லரசுகள் தங்களுக்குத் தேவைப்படும்போது தொழிலைக் காத்துக்கொண்டன. தேவை தீர்ந்தபின் பிறருக்குத் தடையற்ற வணிகத்தை உபதேசித்தன. அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்ட்டன் 1791-இல் தம் நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வைத்த அறிக்கையும், ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் லிஸ்ட் 1841-இல் வெளியிட்ட நூலும் எடுத்துரைத்த இளந்தொழில் வாதம், அதாவது புதிதாகத் தோன்றிய தொழில் முதிர்ந்த அயல்நாட்டுத் தொழிலோடு மோதி அழியாதவாறு சில காலம் காக்கப்பட வேண்டும் என்ற வாதம், இன்றைய பணக்கார நாடுகளின் பழைய நடைமுறையிலிருந்தே பிறந்தது.

எனவே மலேசியா தன் காரைத் தானே செய்ய விரும்பியதில் குற்றம் காண்பதற்கு இடமில்லை. 1967-இல் அரசு வாகனங்களைப் பூட்டும் ஆறு தொழிற்சாலைகளுக்கு அனுமதி வழங்கியதிலிருந்து, வெளிநாட்டுக் கார்கள் உதிரிகளாகப் பிரிக்கப்பட்டுப் பெட்டிகளில் வந்து இங்கே பூட்டப்பட்டன, சி.கே.டி. என்று வணிகர் வழங்கும் முறை அது. கட்டி முடித்த நிலையில் கப்பலேறி வருவது சி.பி.யு. எனப்படும். சிறிய சந்தையில் பத்துக்கும் மேற்பட்ட பூட்டுநர் பற்பல நாட்டு மாதிரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டிருந்ததால் எந்த ஓர் உதிரியும் இலாபகரமாக உள்ளூரில் செய்யக்கூடிய எண்ணிக்கையை எட்டவில்லை. இந்நிலையை மாற்றவே 1980-இல் தோன்றிய மலேசியக் கனரகத் தொழிற்கழகமான ஹைக்கோம் 70 விழுக்காடும், ஜப்பானின் மிட்சுபிஷி மோட்டார்ஸும் மிட்சுபிஷி கார்ப்பரேஷனும் தலைக்கு 15 விழுக்காடும் பங்கு கொள்ள, 1983 மே 7 அன்று புரோட்டோன் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பிரதமர் மகாதீர் முகமது அதைத் தம் சொந்தக் கனவாகவே நடத்தினார். 1985 சூலை 9 அன்று மிட்சுபிஷி லான்சர் பியோரேயை அடிப்படையாகக் கொண்ட புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று போக்குவரத்துக்குத் திறந்த பினாங்குப் பாலத்தின் திறப்பு விழாவில் மகாதீர் ஓட்டிச் சென்றதும் நாட்டுக் கொடி பறந்த சாகா காரே.

அவ்வாண்டு இறுதிக்குள் மேலும் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. தேசியக் காரின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள அவை உதவும். பாலம் திறந்த எட்டாம் நாள், நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து தொழில்நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டால் ஜப்பானிய யென் மளமளவென மதிப்புயர்ந்தது. யென்னில் கடன் வாங்கி, யென்னில் விலை குறித்த உதிரிகளை மிட்சுபிஷியிடமிருந்து வாங்கிய புரோட்டோனின் செலவு அதற்கேற்ப ஏறியது. அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்து வந்த அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிச் சாய்ந்ததால் ஈய விலை விழுந்து, கிந்தா சமவெளிச் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. மக்களின் வாங்கும் திறன் சுருங்கியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வாகனங்கள் விற்ற நாட்டில் 1987-இல் 50,000-க்கும் குறைவாகவே விற்றன. நிறுவனத்தைக் கரையேற்ற 1988-இல் மிட்சுபிஷியைச் சேர்ந்த கென்ஜி இவாபுச்சி நிருவாக இயக்குநராக அமர்த்தப்பட்டார். வேண்டும் என்று கேட்டுப் பெற்ற பாதுகாப்பு இல்லாதிருந்தால் புரோட்டோன் அந்த மூன்றாண்டுகளைக் கடந்திருக்க முடியாது. இளந்தொழில் வாதம் தன் வாக்கைக் காப்பாற்றிய காலம் என்று அதை நேர்மையாகச் சொல்லலாம்.

பாதுகாப்பின் அளவும் பெரிது. கட்டி முடித்த நிலையில் வந்த கார்களுக்கு 2003 வரை 140 முதல் 300 விழுக்காடு வரை இறக்குமதித் தீர்வை இருந்தது. பிற நிறுவனங்கள் பூட்டிய கார்களின் உதிரிகளுக்கு 42 முதல் 80 விழுக்காடு விதிக்கப்பட்டபோது, தேசியக் கார்களின் உதிரிகளுக்கு 13 விழுக்காடே விதிக்கப்பட்டது. இதன் பயனாக 1993-இல் நாட்டில் விற்ற கார்களில் 74 விழுக்காடு புரோட்டோன். 1989-இல் பிரிட்டனுக்கு ஏற்றுமதி தொடங்கியது. 1996-இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் வாங்கப்பட்டது. 2000-இல் சொந்த வடிவமைப்பில் வாஜாவும், 2004-இல் சொந்த எந்திரமான கேம்புரோவும் வந்தன. வரைபலகையிலிருந்து சாலை வரை ஒரு காரைக் கொண்டுவரத் தெரிந்த பொறியாளர் தலைமுறை ஒன்று, புரோட்டோன் ஆலை அமைந்த ஷா ஆலாமில் உருவாயிற்று. அதற்குமுன் அத்தகைய தலைமுறை இந்நாட்டில் இருந்ததில்லை. இந்தச் சாதனையைச் சிறிதாக்குவது அநியாயம்.

ஆயினும் ஏற்றுமதி ஒருபோதும் உற்பத்தியின் பெரும் பங்காகவில்லை. உதிரிகள் வழங்கும் நிறுவனங்களை உருவாக்கும் திட்டம் பூமிபுத்ராக்களின், அதாவது மலாய்க்காரர் முதலான மண்ணின் மைந்தரின், பங்கை உயர்த்தும் புதிய பொருளாதாரக் கொள்கையின் நோக்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், எந்த நிறுவனம் தரமாகவும் மலிவாகவும் செய்கிறது என்பதோடு, எந்த நிறுவனம் யாருடையது என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. இரண்டு குறிக்கோள்கள் ஒரே கருவியால் அடையப்பட வேண்டியிருந்தபோது தரத்தின் மீதான நெருக்குதல் தளர்ந்தது. 1970-இல் தொடங்கிய ஏ.பி. முறையும், அதாவது வெளிநாட்டுக் காரைக் கொண்டுவருவதற்கான அங்கீகரிக்கப்பட்ட அனுமதிச் சீட்டு முறையும், இதே நோக்கத்துக்காகப் பிறந்தது. சந்தை மூடியிருந்ததால் அச்சீட்டே விலைமதிப்புள்ள சொத்தாயிற்று. 2005-இல் யார் யாருக்கு எத்தனை சீட்டு என்ற விவரம் வெளியாகிப் பெரும் அரசியல் புயல் எழுந்தது. 2010-இல்தான் ஒவ்வொரு சீட்டுக்கும் 10,000 ரிங்கிட் கட்டணம் விதிக்கப்பட்டது. அதற்கு முன்னைய நாற்பதாண்டுகளில் அச்சீட்டுகளின் மதிப்பு அரசுக்கும் போகவில்லை, தொழிலுக்கும் போகவில்லை.

பாதுகாப்புக்கு வேறு வகையில் விலை வாங்கிய நாடு தென் கொரியா. 1962-இல் கார்த் தொழில் பாதுகாப்புச் சட்டம் இயற்றி வெளிநாட்டுக் காருக்குக் கதவை அடைத்த அந்நாடு, குறைந்த வட்டிக் கடனை ஏற்றுமதிச் சாதனையோடு கட்டிவைத்தது. ஹூண்டாய் தன் போனியை 1975 இறுதியில் உற்பத்தி செய்யத் தொடங்கி, மறு ஆண்டே எக்குவடோருக்கு அனுப்பியது. 1986-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்து, முதலாண்டிலேயே 1,68,000-க்கும் மேற்பட்ட எக்செல் கார்களை விற்றது. தேறாதவருக்கு இடமில்லை என்பதையும் கொரிய அரசு செய்து காட்டியது. 1980-களின் தொடக்கத்தில் கியா சில ஆண்டுகள் பயணியர் கார் உற்பத்தியிலிருந்தே விலக்கி வைக்கப்பட்டது. கொரியக் குடும்பங்களும் தங்கள் காருக்கு நெடுங்காலம் அதிக விலை கொடுத்தன. ஆனால் அந்த அதிக விலையால் என்ன கிடைத்தது என்று அயல்நாட்டுச் சந்தை ஆண்டுதோறும் சோதித்துச் சொன்னது. இங்கே ஒரு முரண்பாடு மறைந்திருக்கிறது: கொரியாவின் மானியத்தைப் பயனுள்ளதாக்கிய ஏற்றுமதி நிபந்தனையைத்தான் 1995-இன் ஒப்பந்தம் தடை செய்தது. சோதனையோடு கூடிய உதவி சட்டவிரோதமாகவும், சோதனையற்ற உதவி பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் ஆகிவிட்டன. பின்னால் வந்த நாடுகளுக்கு இது நேர்ந்த பெரிய தீங்கு.

இந்தோனேசியாவின் அனுபவம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. 1996-இல் அதிபர் சுகார்த்தோவின் மகன் தோமி நடத்திய நிறுவனத்துக்கு மட்டும் தேசியக் கார் முன்னோடி என்ற தகுதி தந்து, கொரியாவின் கியா காரைத் தீமோர் என்ற பெயரில் தீர்வையின்றிக் கொண்டுவர அரசு அனுமதித்தது. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998 சூலையில் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது. அதற்குமுன்பே, நிதி நெருக்கடியில் கடன் கொடுக்க வந்த அனைத்துலக நாணய நிதியத்தின் நிபந்தனையால் அத்திட்டம் கைவிடப்பட்டிருந்தது. ஒரு குடும்பத்தின் ஆதாயம் ஒரு நாட்டின் தொழிற்கொள்கையாக வேடமிட்ட கதை அது. அதற்கு மேல் அதில் கற்க ஒன்றுமில்லை.

தாய்லாந்தோ சொந்தப் பெயர்ப்பலகையே வேண்டாம் என்று முடிவு செய்தது. பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டியைத் தன் தனிப் பொருளாகத் தேர்ந்து, கார்களுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கலால் வரி இருந்தபோது அவ்வண்டிக்கு 3 விழுக்காடே விதித்து, 2000-இல் உள்நாட்டு உதிரிக் கட்டாயத்தையும் நீக்கி, ஜப்பானிய நிறுவனங்களை வரவேற்றது. 2013-இல் அங்கே 24 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் உற்பத்தியாயின. மலேசியாவின் மொத்த உற்பத்தி அவ்வாண்டில் அதன் கால்பங்கு அளவே. ஆனால் தாய்லாந்தின் வழியும் கவலையற்றதன்று. தொழிற்சாலை யாருடையதோ முடிவும் அவருடையதே என்பதைச் சுபாருவும் சுசுக்கியும் 2024-இல் தங்கள் உற்பத்தியை அங்கே நிறுத்தப்போவதாக அறிவித்தபோது அந்நாட்டுத் தொழிலாளர் உணர்ந்தனர். சென்னைக்கு அருகே மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் போர்டு அறிவித்தபோது தமிழ்நாட்டுத் தொழிலாளர் உணர்ந்ததும் அதுவே.

ஆசியான் தடையற்ற வணிகப் பகுதியில் கார்த் தீர்வையைக் குறைக்க வேண்டிய காலக்கெடுவை மலேசியா 2005-க்குத் தள்ளிவைத்துக்கொண்டது. கெடு நெருங்கியதும் இறக்குமதித் தீர்வை குறைக்கப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் கலால் வரி, அதாவது உள்நாட்டு, வெளிநாட்டுப் பொருள் இரண்டின் மீதும் விதிக்கப்படும் உற்பத்தி வரி, உயர்த்தப்பட்டு, தேசியக் கார்களுக்குச் சிலகாலம் அதில் பாதி திருப்பித் தரப்பட்டது. 2006-இன் தேசிய வாகனக் கொள்கைக்குப் பிறகு உள்நாட்டு மதிப்பு எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதைக் கொண்டு சலுகை கணக்கிடப்பட்டது. 2010 முதல் ஆசியான் கார்களுக்கு இறக்குமதித் தீர்வை சுழியம். கலாலோ எந்திரத்தின் அளவுக்கேற்ப 60 முதல் 105 விழுக்காடு வரை நீடித்தது. ஒப்பந்தத்தின் எழுத்து காக்கப்பட்டது. வாங்குபவரின் சுமை அப்படியே இருந்தது.

அச்சுமையை ஒரு கணக்கால் விளக்கலாம். துறைமுகத்தில் 50,000 ரிங்கிட் மதிப்புள்ள ஒரு காருக்கு 30 விழுக்காடு இறக்குமதித் தீர்வை சேர்ந்தால் 65,000. அதன் மீது 75 விழுக்காடு கலால் சேர்ந்தால் 1,13,750. அதன் மீது 10 விழுக்காடு விற்பனை வரி சேர்ந்தால் 1,25,125 ரிங்கிட். வரியின் மேல் வரி ஏறுவதால் பாதிக்கும் மேற்பட்ட தொகை வரியாகிறது. இதைக் கையில் பணமாக எண்ணிக் கொடுப்பவர் சிலரே. பெரும்பாலோர் வாடகைக் கொள்முதல் கடனில் ஒன்பதாண்டு வரை மாதத் தவணை கட்டுகின்றனர், எனவே வரியாகச் சென்ற பகுதிக்கும் வட்டி கட்டுகின்றனர். தேசியக் கார் இதைவிட மலிவு என்பது உண்மை. அந்த மலிவு வெளிநாட்டுக் காரின் ஏற்றிய விலையோடு ஒப்பிட்ட மலிவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செபராங் பிறையின் தொழிற்பேட்டைகளுக்கும் ஜார்ஜ் டவுனின் அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பேருந்து சரியாக வராத ஊரில், கார் ஆடம்பரப் பொருளாக இருந்ததே இல்லை; வேலைக்குப் போய்ச் சேரும் வழியாகவே இருந்தது. டத்தோ கிராமாட் சாலை வழியே ஆயர் ஈத்தாம் வரை முற்காலத்தில் டிராம் ஓடியது. நகரத்தின் டிராலிப் பேருந்துகள் 1961-இல் நின்றன. பினாங்கின் இலகு ரயிலுக்கு 2025 சனவரியில்தான் கால்கோள் இடப்பட்டது. கார் வாங்கியே தீர வேண்டிய மக்களிடமிருந்து பல பத்தாண்டுகளாக வசூலிக்கப்பட்ட இந்த மறைமுக மானியம் ஏழையையும் செல்வந்தரையும் ஒன்றாகவே தொட்டது என்பதுதான் இத்திட்டத்தின் மீது வைக்கக்கூடிய மிகக் கனமான குற்றச்சாட்டு.

புரோட்டோனின் வீழ்ச்சி மெல்ல நடந்தது. மிட்சுபிஷி மோட்டார்ஸ் 2004-இல் தன் பங்கை விற்று வெளியேறியது. அதே ஆண்டு இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பெரும்பங்கை 7 கோடி யூரோவுக்கு வாங்கிய புரோட்டோன், மறு ஆண்டே அதை 1 யூரோவுக்கு விற்றது. வோல்க்ஸ்வேகனோடு நடந்த பேச்சு 2007-இல் முறிந்தது. இதற்கிடையே 1994-இல் டைஹாட்சுவின் சிறுகாரைக் கஞ்சில் என்ற பெயரில் கொண்டுவந்த பெரோடுவா, 2006-இல் விற்பனையில் புரோட்டோனை முந்தியது. 2024-இல் அது 3,58,000 கார்களை விற்றது. இரண்டும் ஒரே பாதுகாப்பின் கீழ் ஒரே சலுகையோடு வளர்ந்தவை. பெரோடுவா 2001-இல் உற்பத்திப் பிரிவின் கட்டுப்பாட்டையே டைஹாட்சுவிடம் ஒப்படைத்து, ஜப்பானியத் தரத்தையும் விலையொழுக்கத்தையும் தன்மீது ஏற்றுக்கொண்டது. புரோட்டோன் எல்லாவற்றையும் தனியே செய்ய முனைந்தது, ஆனால் அதற்குத் தேவையான எண்ணிக்கையைச் சிறிய உள்நாட்டுச் சந்தையால் தர இயலவில்லை. பெருமிதம் எந்த இடத்தில் தொழிலுக்குச் சுமையாகிறது என்பதற்கு இவ்விரு நிறுவனங்களை விடத் தெளிவான சான்று இந்த வட்டாரத்தில் இல்லை.

2012-இல் அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானா, தன்னிடமிருந்த ஏறத்தாழ 42.7 விழுக்காட்டுப் பங்கைத் தனியார் துறையின் டி.ஆர்.பி.-ஹைக்கோமுக்கு 129 கோடி ரிங்கிட்டுக்கு விற்றது. 2016-இல் உதிரி வழங்குநருக்குப் பாக்கி கொடுக்கக்கூட இயலாத நிலையில் அரசு 150 கோடி ரிங்கிட் சலுகைக் கடன் தந்து, வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேட வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. 2017-இல் புரோட்டோனின் சந்தைப் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. அவ்வாண்டு சூனில் சீனாவின் ஜீலி, தன் போயூ மாதிரியின் தொழில்நுட்பத்தையும் பணமாக மதிப்பிட்டு மொத்தம் சுமார் 46 கோடி ரிங்கிட்டுக்கு 49.9 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. லோட்டஸில் 51 விழுக்காடும் ஜீலியின் கைக்குப் போயிற்று. அதன்பின் எக்ஸ்70 வந்தது, விற்பனை ஏறியது, 2023-இல் 1,50,000-ஐத் தாண்டியது. முப்பத்து நான்கு ஆண்டுப் பாதுகாப்புக்குப் பிறகு தேசியக் காரை மீட்டது ஒரு நிபந்தனையும் ஓர் அயல்நாட்டுக் கூட்டாளியும் என்பது கசப்பான உண்மை. அந்த நிபந்தனை 1990-களிலேயே விதிக்கப்பட்டிருந்தால் நாடு கொடுத்த விலை எவ்வளவோ குறைந்திருக்கும்.

பினாங்குக்கு இதில் வேறொரு சாட்சியம் உண்டு. தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை 1969-இல் இழந்து வேலையின்மையால் தவித்த தீவில், முதலமைச்சர் லிம் சோங் யூவின் ஆட்சி 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வளாகத்தைத் திறந்தது. அங்கே வந்த இன்டெல் போன்ற நிறுவனங்களோடு, காருக்கு வானொலி செய்த ஜப்பானின் கிளாரியனும், கார் உதிரித் தொழிலில் பெயர்பெற்ற ஜெர்மனியின் போஷும் முதல் வரிசையிலேயே இருந்தன. ஆக, சாகா பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே பினாங்கு உலகக் கார்த் தொழிலுக்குள் மற்றொரு வாசல் வழியாக நுழைந்திருந்தது. அங்கும் மானியம் உண்டு. முன்னோடித் தகுதி என்ற பெயரில் பல்லாண்டு வருமான வரிவிலக்கும், தீர்வையற்ற இறக்குமதியும் வழங்கப்பட்டன. ஆனால் செய்த பொருளில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்பதால், உலக விலைக்கும் உலகத் தரத்துக்கும் கீழே இறங்க அங்கே எந்த நிறுவனத்துக்கும் வழியில்லை. அந்த வெற்றிக்கும் விலை உண்டு என்பதை மறைக்கலாகாது: கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த பெண்கள் குறைந்த கூலிக்கு இரவுபகல் முறைமாற்றில் உழைத்தனர்; மின்னணுத் தொழிலாளருக்குச் சங்க உரிமை 1988 வரை மறுக்கப்பட்டு, அதன்பின்னும் நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கமாகவே தரப்பட்டது. பாயான் லெப்பாஸின் மானியத்தில் ஒரு பங்கை அவர்கள் செலுத்தினார்கள்.

இன்றைய போட்டி மின்காரில் நடக்கிறது. அதில் மானியம் இல்லாத நாடே இல்லை. சீன நடுவண் அரசு மின்கார் வாங்குவோருக்குப் பத்தாண்டுக்கு மேலாகக் கொடுத்துவந்த தொகையை 2022 இறுதியில்தான் நிறுத்தியது. அமெரிக்கா 2022-இன் சட்டத்தால், வட அமெரிக்காவில் கட்டப்பட்ட மின்காருக்கு 7,500 டாலர் வரை வரிக்கழிவு தந்து, 2025 செப்டம்பரில் அதை முடித்துக்கொண்டது. மின்காருக்கு முன்பே, 2008-09 நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸையும் கிரைஸ்லரையும் காக்க அந்நாடு ஏறத்தாழ 8,000 கோடி டாலர் செலவிட்டது. 2024-இல் சீன மின்காருக்கு அமெரிக்கா 100 விழுக்காடு தீர்வை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் அக்காருக்கு எதிரீட்டுத் தீர்வை, அதாவது அயல்நாட்டு மானியத்தின் ஆதாயத்தை ஈடுசெய்ய விதிக்கப்படும் கூடுதல் தீர்வை, விதித்தபோது பி.ஒய்.டி.க்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3 விழுக்காடு என்று நிறுவனவாரியாக அளந்தது. வழக்குகளுக்கு இறுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பர் முதல் போதிய உறுப்பினரின்றி முடங்கிக் கிடக்கிறது. வலியவர் தீர்வை விதிப்பர், எளியவர் விதிகளைக் காப்பர் என்ற நிலை வந்துவிட்டதைப் பாராமல் எந்தச் சிறிய நாடும் இருக்க முடியாது.

இந்தப் பட்டியலில் ஜீலியின் பெயர் இருப்பது மலேசியாவுக்கு வெறும் செய்தியன்று. புரோட்டோன் 2024 டிசம்பரில் வெளியிட்ட தன் முதல் மின்காரான இ.மாஸ் 7, ஜீலியின் தளத்தில் பிறந்தது. புரோட்டோனின் ஆலை உள்ள தஞ்சோங் மாலிமில் செய்யப்படும் கார் மேற்கு நாட்டுச் சந்தைக்கு நாளை போகுமானால், அது மலேசியக் காரா, சீன மானியம் தாங்கிய காரா என்று அச்சந்தை கேட்கும். உள்ளே சேர்ந்த மதிப்பில் எவ்வளவு இங்கே பிறந்தது என்பதைக் காட்டினால்தான் விடை சொல்ல முடியும். அந்த மதிப்பைக் கூட்டும் ஆற்றல், பெருமளவு மின்னணுவாகிவிட்ட இன்றைய காரில், பாயான் லெப்பாஸுக்கே உண்டு. கார்த் தொழிலுக்கு அடுத்த மானியம் ஒன்று உண்டென்றால், அது தஞ்சோங் மாலிமின் பாதுகாப்பு மதிலை மேலும் உயர்த்துவதற்கு அன்றி, அதைப் பினாங்கின் சில்லு வடிவமைப்போடும் மின்திறன் கருவிகளோடும் இணைப்பதற்குச் செலவாவதே முறை.

நடப்பது முழுமையாக அப்படி இல்லை. கட்டி முடித்த நிலையில் வரும் மின்காருக்கு 2025 இறுதி வரையும், இங்கே பூட்டப்படும் மின்காருக்கு 2027 இறுதி வரையும் தீர்வை, கலால் விலக்குத் தரப்பட்டது. அதோடு இறக்குமதி மின்கார் 1,00,000 ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக் கூடாது என்ற தரைவிலையும் வைக்கப்பட்டது. உள்ளூர்க் காரைக் காக்க வைத்த அத்தரைவிலை, மலிவான மின்காரை எளிய குடும்பத்துக்கு எட்டாததாக்கியது. வசதியுள்ளவரோ வரிவிலக்கோடு விலையுயர்ந்த மின்காரை வாங்கினர். 1985-இல் தொடங்கிய பழக்கம் எந்திரம் மாறியபின்னும் தொடர்கிறது.

பூட்டப்படும் மின்காருக்கான விலக்கு 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அதை நீட்டிப்பதா என்ற முடிவு அமைச்சின் அறைக்குள் எடுக்கப்படுவதற்கு முன், ஒவ்வொரு கார் நிறுவனத்துக்கும் விட்டுக்கொடுக்கப்பட்ட தீர்வையும் கலாலும் எவ்வளவு, அதற்கு ஈடாக அந்நிறுவனம் எத்தனை கார்களை ஏற்றுமதி செய்தது, உள்நாட்டில் எவ்வளவு மதிப்பைச் சேர்த்தது, எந்த ஆண்டில் உதவியின்றி நிற்கும் என்ற கணக்கு, நிறுவனத்தின் பெயரோடு, நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். டத்தோ கிராமாட் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும். மாதந்தோறும் கார்த் தவணை கட்டும் இவ்வட்டார மக்கள் தங்கள் உறுப்பினரிடம் இந்தக் கணக்கை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.